இடிபாட்டிலிருந்து வந்த அடைமொழி

வறுமையைப் பற்றிப் பேசும்போது நம் மலேசிய அரசாங்கம் ஏழைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவர் வெறும் ஏழை, மலாயில் 'மிஸ்கின்'. மற்றவர் 'மிஸ்கின் தெகார்', ஆங்கிலத்தில் 'ஹார்ட்கோர்' ஏழை. இந்தச் சொல் வரவுசெலவுத் திட்ட உரைகளிலும் இ-காசே என்னும் ஏழைகள் பதிவேட்டிலும் மந்திரிகளின் பேட்டிகளிலும் நெடுங்காலமாகப் புழங்குகிறது. கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கின் மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு தாய் உதவித்தொகைக்கு மனுப் போட்டால், அவர் எந்தப் பட்டியலில் சேருவார் என்பதை முடிவு செய்யும் சொற்களில் இதுவும் ஒன்று. பட்டியல் வேண்டும், உதவியும் வேண்டும். அந்த அடைமொழி மட்டும் வேண்டாம் என்பது என் வாதம். அது பிறந்த இடத்தையும் வளர்ந்த வழியையும் பார்த்தால், நம் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தவறுகின்றன என்பதும் கூடவே புலப்படும்.

'ஹார்ட்' என்றால் கடினம், 'கோர்' என்றால் உள்ளீடு. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் முதலில் குறித்தது மனிதர்களை அன்று, குப்பையை. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைத்த உடைந்த செங்கல், ஓடு, புகைபோக்கித் துண்டு, சட்டி பானைச் சில்லு எல்லாவற்றையும் வண்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டுபோய்ப் புதுச் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் கொட்டினார்கள். அந்தக் கெட்டிக் கழிவுக்குத்தான் இந்தப் பெயர். லண்டன் ஏழைகளின் பிழைப்பை நேரில் கேட்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ, 1851இல் நூலாக வெளிவந்த தம் ஆய்வில் இந்த வண்டிக்காரர்களையும் அவர்கள் வாயில் புழங்கிய இந்தச் சொல்லையும் பதிவு செய்திருக்கிறார். கட்டுமானத் தொழிலில் இன்றும் தரையைக் கெட்டிப்படுத்த அடியில் நிரப்பும் கல்லுக்கு ஆங்கிலத்தில் இதுவே பெயர். மேலே நடப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடந்து பாரம் தாங்கும் பொருள் அது.

அந்தச் சொல் மனிதர்மேல் ஏறியது 1930களில். உலகப் பொருளாதார மந்தம் ஓரளவு தணிந்து பலருக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும், பிரிட்டனில் ஒரு கூட்டம் ஆண்டுக்கணக்கில் வேலையின்றியே கிடந்தது. பொருளியலாளர்களும் அதிகாரிகளும் அவர்களை வேலையின்மையின் 'ஹார்ட் கோர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கரைகிறதெல்லாம் கரைந்த பிறகும் கரையாமல் தங்கிய கெட்டி என்பது பொருள். அகராதிகள் இந்தப் புதுப்பொருளை 1930களின் நடுப்பகுதியில் வைக்கின்றன. பெயரடையாக அது நிலைத்தது 1950களில். அந்தக் கெட்டி எதனால் ஆனது என்று தேடிப்போனவர்களும் இருந்தார்கள். பில்கிரிம் அறநிதியம் 1938இல் வெளியிட்ட 'வேலையற்ற மனிதர்கள்' என்ற ஆய்வு ஆறு ஊர்களை எடுத்துக்கொண்டது. வேல்ஸின் ரோண்டாவிலும் டர்ஹத்தின் குரூக்கிலும் நீண்டகால வேலையின்மை குவிந்து கிடந்தது. லண்டனின் டெப்ட்ஃபோர்டிலும் லெஸ்டரிலும் அது சொற்பம். ரோண்டாவின் ஆண்களுக்கு மட்டும் ஏதோ பிறவிக் குறை இருந்ததா என்ன? அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிவிட்டன, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே போர் மூண்டது. தொழிற்சாலைகளும் படையும் ஆள் கேட்டன. கரையாது என்று சொல்லப்பட்ட அந்தக் கூட்டம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. கடினம் அவர்களுடைய குணத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்க முடியாது.

ஆனாலும் சொல் சாகவில்லை. கடல் கடந்து அமெரிக்கா போய், நம் திட்டமிடுவோர் கைக்கும் வந்து சேர்ந்தது. இங்கே அது வந்த காலம் கவனிக்கத்தக்கது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களில் நூற்றுக்கு 49 வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. நாட்டில் பாதிப்பேர் ஏழையாக இருந்தபோது அவர்களைத் 'தெகார்' என்று யாரும் சொல்லவில்லை. புதிய பொருளாதாரக் கொள்கையின் இருபது ஆண்டுகளில், 1990க்குள், அது 15 ஆகக் குறைந்தது. பெரிய சாதனை, மறுக்க வேண்டியதில்லை. மீந்தவர்களுக்காக 1989இல் ஒரு தனித் திட்டம் வந்தது. அதன் மலாய்ப் பெயர் 'மக்களில் மிக ஏழைகளுக்கான மேம்பாட்டுத் திட்டம்'. அப்போது 'தெர்மிஸ்கின்' என்றார்கள். அது அளவைச் சொல்லும் சொல்: வரிசையில் கடைசியில் நிற்பவர், வேறொன்றுமில்லை. ஆங்கில ஆவணங்களில் இருந்த 'ஹார்ட்கோர்' மெல்ல மெல்ல மலாயிலும் இடம்பிடித்து, 'தெகார்' ஆகிவிட்டது. அளவைச் சொன்ன சொல் போய்க் குணத்தைச் சொல்லும் சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

'தெகார்' என்றால் விறைத்தது, வளையாதது, பிடிவாதமானது. 'தெகார் ஹாத்தி' என்றால் மனம் இளகாதவன். தமிழ் வேதாகமம் வணங்காக் கழுத்து என்று சொல்வதை இந்தோனேசிய வேதாகமம் 'தெகார் தெங்குக்' என்கிறது. இன்றைய மலாய் நாளேடுகளில் இந்தச் சொல் யார் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: 'பெஞ்செனாயா தெகார்', திருந்தாத குற்றவாளி, 'பெனாகே தெகார்', மீளாத போதைப்பித்தர், 'பெரோகோக் தெகார்', விடாத புகைப்பிடிப்பாளர். இவர்களுக்குப் பக்கத்தில்தான் 'மிஸ்கின் தெகார்' நிற்கிறது. குற்றம், போதை, சிகரெட் மூன்றும் ஒருவர் விட நினைத்தால் விடக்கூடியவை, விடாமல் வைத்திருப்பவை என்று உலகம் கருதுகிறது. அந்த வரிசையில் நிறுத்தினால் வறுமையும் விட மறுக்கும் பழக்கம் போலத் தோன்றிவிடும். இதில் ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மலாயில் பரம ஏழ்மையைக் குறிக்கும் பழைய சொல் 'பாப்பா'. அது சமஸ்கிருதப் 'பாப'த்திலிருந்து வந்தது. இல்லாதவரைக் கண்டு நாம் 'பாவம்' என்று இரங்குவதும் அதே வேரிலிருந்துதான். ஏழ்மைக்கும் வினைக்கும் முடிச்சுப்போடும் எண்ணம் பழையது. புதுச் சொல் அந்தப் பழைய எண்ணத்துக்கு அரசாங்க முத்திரை குத்தித் தந்திருக்கிறது.

சொல்லாராய்ச்சி தெரிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம்தான், இன்று அப்படியா. 'ஹார்ட்கோர்' என்று படிக்கும் எந்த அதிகாரியும் உடைந்த செங்கல்லை நினைப்பதில்லை. இது நியாயமான தடை. பிறப்பை மட்டும் காட்டி ஒரு சொல்லைத் தள்ளிவைக்கச் சொல்வது அறிவுக்கு ஒவ்வாது. என் வாதம் நிற்பது பிறப்பின்மேல் அன்று. செங்கல்லை மறந்துவிட்டவர்களும் 'கரையாத மிச்சம்' என்ற பொருளை மறக்கவில்லை. இன்றைய புழக்கத்தில் அது சேர்ந்திருக்கும் கூட்டாளிகளே அதற்குச் சாட்சி. பொருள் மாறிவிட்டது என்பவர், அது எதுவாக மாறியது என்றும் சொல்ல வேண்டும். நல்லதாக மாறியிருந்தால் சண்டையே இல்லை.

கூலி நிலைமையிலிருந்து பிறந்த ஒன்றை மனிதரின் குணமாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதன்று, அதுவும் தோட்டத்தமிழருக்குப் புதிதே அன்று. கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம். அந்தச் சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் போய் ஊதியம் வாங்கும் மனிதருக்கே பெயராகி, பிறகு வசையாகவும் ஆனது. (குஜராத்தின் கோலி சமூகப் பெயரை மூலமாகக் காட்டுவோரும் உண்டு, தமிழ்ச்சொல்லும் அதில் கலந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.) தோட்டத் துரைகளின் எழுத்துகளில் தமிழருக்கு வைத்த அடைமொழி 'அடக்கமானவர்', மலாய்க்காரருக்கு வைத்தது 'சோம்பேறி'. அந்தச் சோம்பேறிப் பட்டம் எப்படிப் பிறந்தது என்பதைச் சமூகவியலாளர் சையது ஹுசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். துரையின் தோட்டத்துக்கு அவன் வைத்த கூலிக்கு வர மறுத்ததுதான் சோம்பல் என்று பெயர்பெற்றது. தமிழரின் 'அடக்கம்' எவ்வளவு தூரம் குணம் என்பது 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தெரிந்தது. ஆர்.எச். நாதனும் கிள்ளான் இந்தியர் சங்கமும் முன்நிற்க, தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். துருப்புகள் வந்தன, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரைநூற்றாண்டாக 'அடக்கமானவர்' என்று எழுதப்பட்டவர்கள்தான் இவர்கள். அடைமொழி எப்போதும் நிலைமையை மறைத்துக்கொண்டுதான் இருந்தது.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், லங்காட் ஆற்றின் கரைப்பக்கம் இருக்கிறது தெலுக் பங்லிமா காராங். 'காராங்' என்பதும் அடைமொழிதான், சீற்றமுள்ள தளபதி என்று ஒருவரைப் புகழ ஊர்ப்பெயரில் ஏறியது. ஊருக்கு ஒருபக்கம் செம்பனைத் தோட்டங்கள், பாலம் தாண்டினால் கேரித் தீவு, இன்னொரு பக்கம் தீர்வையற்ற தொழில்வளாகம். இந்த ஒரே வட்டாரத்தில் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த குடும்பங்களின் கதை முழுவதும் அடங்கும். தோட்டத்தில் அந்தக் குடும்பத்தின் வருமானம் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், தொடங்கியது. மழை பெய்து பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாவிட்டால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அன்றைய நாள் ஏறாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆண் குலை வெட்டினார், பெண் மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கினார், எண்ணிக்கைக்கும் எடைக்கும் காசு. மாதச் சம்பளம் என்பது பல தலைமுறைகள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒன்று. வானத்தையும் ரப்பர் விலையையும் நம்பிய அந்த வருமானத்தில் எந்தக் குடும்பம் சேமித்திருக்க முடியும்?

அதைவிடப் பெரிய காரணம் நிலம். தோட்டம் கம்பெனியின் தனிச்சொத்து. கிராமப்புற மேம்பாட்டுக்கென்று அரசு செலவிட்ட பணம் கம்பத்துக்குச் சாலையாகவும் குழாய்நீராகவும் போனபோது, தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், வாரிசுக்கு எதுவும் மிஞ்சாது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியதை பொருளியலாளர் உங்கு அஜீஸ் அப்போதே ஆராய்ந்து எச்சரித்தார். பின்னர் நகரம் வளர்ந்து தோட்டங்களை விழுங்கியது. இன்றைய ஷா ஆலாம் இருப்பது சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில். யூஎஸ்ஜே இருப்பது சீஃபீல்ட் தோட்டத்தில். கிள்ளானில் பண்டார் புக்கிட் ராஜா எந்தத் தோட்டத்தில் எழுந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. லயன்களை இடித்தார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், மண்ணைச் சமன்செய்து சாலை போட்டார்கள். ஒரு நூற்றாண்டு உழைப்பால் விலையேறிய நிலத்தில், உழைத்தவர்களுக்குக் கிடைத்தது சிறிய இழப்பீடும் மலிவுவிலை அடுக்குமாடியில் ஓர் இடமும். சிலருக்கு அதுவும் இல்லை. மேஹ்யூ காலத்து லண்டன் வண்டிக்காரர்கள் அந்தச் சொல்லால் குறித்தது எதுவோ அதுவேதான் இங்கேயும் நடந்தது: இடித்த வீட்டின் சில்லு புதுச் சாலையின் அடியில் போயிற்று. அங்கே அது செங்கல், இங்கே அந்த வீட்டில் குடியிருந்தவர்கள்.

கடினம் மனிதரிடத்தில் இல்லை என்பதற்கு நம் அரசின் புள்ளிவிவரமே போதும். 2016இல் வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். அந்தக் கணக்கில் நாட்டின் வறுமை விகிதம் வெறும் 0.4 சதவீதம். 2019 ஆகஸ்டில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கோடு நடைமுறை வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுஆண்டு கோடு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. புதிய முறையில் பார்த்தால் அதே 2016இன் வறுமை 7.6 சதவீதம். ஒரு குடும்பமும் அசையவில்லை, ஒருவரின் குணமும் மாறவில்லை. அலுவலகத்தில் ஒரு கோட்டை நகர்த்தினார்கள். 'தெகார்' என்பதற்கும் ஒரு கோடு உண்டு. முன்பு வறுமைக்கோட்டில் பாதிக்குக் கீழே இருந்தவர், 2000களின் நடுவிலிருந்து உணவுச் செலவுக்கே வருமானம் போதாதவர். 2019இல் சராசரிக் குடும்பத்துக்கான அந்த உணவுக்கோடு 1,169 ரிங்கிட். அதே ஆண்டு நாட்டின் சட்டபூர்வக் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 ரிங்கிட். குடும்ப அளவையும் ஊரையும் பொறுத்துக் கோடு கூடும் குறையும் என்பது உண்மை. ஆனாலும் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் சராசரிக் குடும்பத்தில், மாதம் முழுக்க ஒருநாளும் தவறாமல் வேலைக்குப் போய், சட்டம் சொன்ன சம்பளத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வந்தவரும் 'ஹார்ட்கோர்' ஏழையாகத்தான் இருந்திருப்பார். அவரிடம் என்ன பிடிவாதத்தைக் கண்டோம்? சட்டமே அவரை அந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தது.

நிர்வாகம் நடத்துபவர்கள் சொல்லும் மறுப்பு வேறு. யாருக்கு முதலில் உதவுவது என்று தீர்மானிக்க ஒரு வகைப்பாடு தேவை, பெயர் எதுவானால் என்ன, பணம் போய்ச் சேர்ந்தால் சரி என்பார்கள். வகைப்பாடு தேவை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். 2023இல் தொடங்கிய சாரா உதவி, மைகார்டு வழியே மாதம் 100 ரிங்கிட்டுக்கு அடிப்படை உணவுப்பொருள் வாங்க வழிசெய்தது. முதலில் அது எட்டியது இந்தப் பட்டியலில் இருந்தவர்களைத்தான், எட்டியதும் நல்லதே. ஆனால் பெயர் எதுவானால் என்ன என்பதை ஏற்க முடியவில்லை. பெயர் திட்டத்தை வளைக்கிறது. வறுமை ஆளுக்குள் இருக்கிறது என்று நம்பினால் மருந்தும் ஆளுக்குள்தான் போகும்: தன்முனைப்பு முகாம், மனப்போக்கு மாற்றப் பயிற்சி, சிறுதொழில் முனைவோராகும்படி ஊக்கம். 2023இன் மக்கள் வருமான முன்னெடுப்பிலும் காய்கறி வளர்ப்பு, தானியங்கி இயந்திரத்தில் உணவு விற்பனை போன்ற தொழில்முனைவு வழிகளே முன்னால் நின்றன. முனைப்புள்ள சிலர் அதில் முன்னேறுவார்கள், மகிழ்ச்சி. அடுக்குமாடியின் நான்காம் மாடியில் சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும் வீட்டில், ஒப்பந்தக்காரனிடம் காவல் வேலையோ துப்புரவு வேலையோ பார்ப்பவருக்குத் தேவை ஒழுங்கான சம்பளம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம், பிறப்புப் பத்திரமோ நீல அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைக்கு அந்தத் தாள். இவை அவருடைய மனப்போக்கில் கிடைக்கிறவை அல்ல. உங்கு அஜீஸ் கிராமப்புற ஏழ்மையை அளக்க ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணினார். அந்த அளவுகோலில் ஏழை எப்படிப்பட்டவர் என்ற கேள்வியே எழவில்லை, அவரிடம் எது இல்லை என்பது மட்டும் இருந்தது. அதுவும் வகைப்பாடுதான், நல்ல வகைப்பாடு.

உண்மையிலேயே எத்தனை உதவி செய்தாலும் மேலே வராத குடும்பங்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். இருக்கின்றன. தனித்து வாழும் முதியவர், படுக்கையில் கிடக்கும் நோயாளி, உடற்குறையுள்ள பிள்ளையை விட்டு நகர முடியாத தாய். இவர்கள் உழைத்து மேலே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. இவர்களுக்கு வேண்டியது ஆயுள் முழுதும் தவறாமல் வரும் உதவித்தொகை. 'இதிலிருந்து வெளியேறுங்கள்' என்று ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கப்படும் பட்டியலில் இவர்களையும் வைத்து, வெளியேறாததை விறைப்பு என்று எழுதுவது கொடுமை.

தமிழுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. நம் சொற்களில் பெரும்பாலானவை இல்லாததை மட்டுமே சொல்கின்றன: இன்மை, இல்லாமை, இலம்பாடு, இல்லாதவர். வறுமை என்பதே வறட்சியோடு ஒரே வேரில் பிறந்தது. மழை பொய்த்ததற்கு மண்ணை யாரும் பிடிவாதக்காரி என்பதில்லை. நம் நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் 'மிஸ்கின் தெகார்' பரம ஏழை என்றும் கடும் ஏழ்மை என்றும் பலவாறாக வருகிறது. பரம ஏழை பரவாயில்லை, அளவைத்தான் சொல்கிறது. ஆனால் 'ஹார்ட்கோர் ஏழை' என்று தமிழெழுத்தில் அப்படியே போடுவது அண்மையில் கூடிவருகிறது. அதை நிறுத்தலாம், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. புள்ளிவிவரத் துறையின் 2022 ஆய்வு இந்தப் பிரிவினரை 0.2 சதவீதம் என்றது. இனிவரும் ஓர் ஆய்வில் அது இன்னும் குறைந்து, அறவே ஒழிந்தது என்ற அறிவிப்பும் வரக்கூடும். அந்தச் செய்தியை எழுதும் ஆசிரியர், 'உணவுக்கே வருமானம் போதாத குடும்பங்கள்' என்று எழுதட்டும். பக்கத்திலேயே உணவுக்கோடு எத்தனை ரிங்கிட், குறைந்தபட்சச் சம்பளம் எத்தனை ரிங்கிட் என்ற இரண்டு எண்களையும் போடட்டும். பந்திங் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நாளேட்டை விரிப்பவர் அந்த இரண்டையும் கழித்துப் பார்த்துக்கொள்வார்.